சோற்றுப் பருக்கையால் ஒட்டிய பெயர்

தகர டப்பாவைச் சிமெண்டுத் தரையில் இழுத்தால் ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம்தான். "ஆ...வ்." என் பெயரில் தங்கை வடிவால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். ஆவுடையம்மாள் என்பதில் முதல் எழுத்தும், அதற்கடுத்ததில் பாதியும். நாலு வயதில் வந்த காய்ச்சல் என் தங்கையின் காதை எடுத்துக்கொண்டு போனபோது அவள் வாயில் மிஞ்சியது அந்த ஒரு சொல். தன் சொல்லைத் தானே கேட்க முடியாததால் அது வருடத்துக்கு வருடம் தேய்ந்து, கரகரத்து, கடைசியில் தகர டப்பா ஆயிற்று. தெருப்பிள்ளைகள் அதைச் சொல்லிக்காட்டிச் சிரிப்பார்கள். எனக்குப் பதினோரு வயதில் ஒரு நாள், பள்ளித் தோழிகள் வீட்டுக்கு வந்திருந்தபோது, கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். வடிவு கூடத்தில் நின்று கூப்பிட்டாள். ஏழு தடவை. எண்ணிக்கொண்டே நின்றேன், வெளியே வரவில்லை. ஏழாவது தடவைக்குப் பிறகு அவள் கூப்பிடுவதை நிறுத்தினாள், நான் வெளியே வந்தபோது அவள் அழவில்லை, என் முகத்தை மட்டும் பார்த்தாள். இப்போது அறுபத்தேழு வயதில், ஸ்டுட்கார்ட் நகரத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டின் கீழ்ப்படியில், துடைப்பத்தை மடியில் சாய்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கும்போது அந்த ஏழும் காதுக்குள் வரிசையாக வருகின்றன. ஒன்று, இரண்டு, மூன்று... விளக்கு அணைந்துவிட்டது. இந்த ஊர் விளக்குகள் மனிதரை நம்புவதில்லை. பொத்தானை அழுத்தினால் மூன்று நிமிடம் எரியும், அதற்குள் படியேறி உன் வீட்டுக்குள் போய்விட வேண்டும், போகாமல் படியில் உட்கார்ந்து யோசிக்கிறவர்களுக்கு வெளிச்சம் கிடையாது. எழுந்து அழுத்துகிறேன். எதிர்ச் சுவரில் பன்னிரண்டு தபால் பெட்டிகள். பதினோரு பெட்டிகளில் பித்தளைத் தகட்டில் ஒவ்வொரு பெயர். எங்கள் பெட்டியில் மட்டும் இரண்டு. தகட்டில் ஆதிமூலம், அதன் கீழே காகிதத்தில் நான். காகிதம் இன்னும் இருக்கிறது. சோற்றுப் பசை காய்ந்துவிட்டது, ஓரம் மட்டும் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருக்கிறது, கட்டைவிரலால் அழுத்திவிட்டு வந்து மறுபடி உட்காருகிறேன். மணி பத்தே முக்கால். தபால்காரி வர இன்னும் முக்கால் மணி நேரம்.

ஆதிமூலம் யார் என்றால் என் மருமகன் நம்பிராஜனின் அப்பா. செத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அம்பாசமுத்திரத்தைத் தாண்டித் திருநெல்வேலிக்கு வருவதற்கே யோசிக்கிற மனிதர் என்று சொல்வார்கள், நான் பார்த்ததில்லை, என் மகள் கோமதி அந்த வீட்டுக்குப் போவதற்கு முன்பே போய்விட்டார். நம் ஊரில் அப்பா பெயர் ஒரு எழுத்தும் ஒரு புள்ளியுமாகச் சுருங்கி மகன் பெயருக்கு முன்னால் அடக்கமாக நிற்கும். இங்கே அந்தப் புள்ளியைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள், உள்ளேயிருந்து முழு ஆள் எழுந்து வந்து பின்னால் நின்றுகொண்டு குடும்பப் பெயராகிவிட்டார். நம்பிராஜன் ஆதிமூலம், கோமதி ஆதிமூலம், போன மாசி மாதம் எட்டாவது மாதத்திலேயே பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் ஆறு வாரம் கிடந்த என் பேத்தியும் ஆதிமூலம். "எங்கப்பா விசா இல்லாம ஜெர்மனிக்கு வந்துட்டார், பாத்தீங்களா அத்தை" என்று மருமகன் சொன்னபோது சிரித்தேன். தபால்காரி ஒரு நாள் வாசலில் என்னைப் பார்த்து "ஃப்ராவ் ஆதிமூலம்" என்றாள். திருமதி ஆதிமூலம். முகம் அறியாத சம்பந்திக்கு என்னைப் பெண்டாட்டி ஆக்கிவிட்டாளே என்று அதற்கும் மேலே வந்து கோமதியிடம் சொல்லிச் சிரித்தேன். சிரித்த நேரத்தில் யோசித்திருக்க வேண்டும். செத்த மனிதருக்கு மின்சார பில் வருகிறது, தள்ளுபடி விளம்பரம் வருகிறது, பல் டாக்டர் ஞாபகமூட்டிக் கடிதம் போடுகிறார். உயிரோடு இருக்கிற எனக்கு ஆனி மாதம் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் வரவில்லை. இதே ஊரில் முன்பு இருந்த பழைய வீட்டில் கீழே குடியிருந்த வீட்டுக்காரக் கிழவி நம் நாட்டு யானை ஸ்டாம்பைப் பார்த்ததும் படியேறி வந்து கையில் கொடுத்துவிட்டுப் போவாள். அவளுக்கு என் பெயர் தெரியாது, ஸ்டாம்பு தெரியும். அதனால் எனக்கு இந்த ஊரில் ஒரு பெட்டி வேண்டும், அந்தப் பெட்டிமேல் ஒரு பெயர் வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. வடிவு எழுதவில்லை என்று நினைத்தேன். கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன். கோபப்பட அவளுக்குக் காரணம் இருந்தது, அதனால் அதை நம்புவது சுலபமாக இருந்தது.

சத்தம். மேலே கதவு திறக்கிறது. செருப்பு. கோமதி. தோளில் குழந்தை, கையில் என் கம்பளிச் சட்டை. "என்னம்மா இது, மூணு நாளா இதே வேலையா இருக்க. கல்லு குளுந்து கெடக்கு, மேல வா." "முறை நம்மதுல்லா. பெருக்க வந்தேன்." "பெருக்கியாச்சு. பெருக்கின எடத்தையே நீ திரும்பப் பெருக்குதத மூணாவது மாடிக்காரி என்கிட்ட கேக்கா, உங்க அம்மாவுக்குச் சௌகரியம் இல்லையான்னு." "சௌகரியம் இல்லன்னு சொல்லு." "அம்மா, அவரு வீட்டு ஆபீஸுக்கு லெட்டர் போட்டிருக்காரு, தகடு ரெண்டு வாரத்துல வந்துரும்." "ரெண்டு வாரத்துல எத்தன நாள் தபால் வரும்னு கணக்குப் போட்டுப் பாரு." அவள் கம்பளியை என் தோளில் போட்டுவிட்டு, குனிந்து, "சித்திக்கு ஒண்ணும் ஆயிருக்காதும்மா" என்றாள். "நீ போட்டி, பிள்ளைக்குப் பாலக் குடு" என்றேன். அவள் ஏறிப் போகிற சத்தம். பிள்ளை ஏதோ சொல்லிக்கொண்டு போகிறது, சொல்லாக மாறாத சத்தம், அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. முறை என்றேனே, அது பொய்யில்லை. இந்த ஊரில் படிக்கட்டைப் பெருக்குவதற்கு முறை உண்டு. ஒரு சின்ன மரப்பலகை, கயிறு கட்டி, வாரத்துக்கு ஒரு வீட்டுக் கதவில் தொங்கும், யார் கதவில் தொங்குகிறதோ அவர்கள் கூட்டித் துடைத்துவிட்டு வாரக் கடைசியில் அடுத்த கதவில் கொண்டுபோய் மாட்ட வேண்டும். பேச்சே கிடையாது. முதல் தடவை அந்தப் பலகையைப் பார்த்தபோது எனக்கு எங்கள் சிலேட்டு ஞாபகம் வந்தது. எனக்கும் வடிவுக்கும் ஒரே சிலேட்டு, ஒரே குச்சி. பாளையங்கோட்டைக் காது கேளாதோர் பள்ளியில் அவள் எழுதப் படித்துக்கொண்டு வந்த நாளிலிருந்து எங்கள் பேச்சு அந்தச் சிலேட்டில்தான். நான் எழுதி அவளிடம் தள்ளுவேன், அவள் படித்து, அழித்து, எழுதி என்னிடம் தள்ளுவாள். ஒருத்தியே இரண்டு தடவை எழுத முடியாது, சிலேட்டு அடுத்தவள் கையில் இருக்கும். அதுவே சட்டமாகிவிட்டது. நான் கல்யாணமாகித் தூத்துக்குடி போனபோதும் ஒரு கடிதம் அவள், ஒரு கடிதம் நான். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு நான் திரும்பி வந்து பதினான்கு வருடம் அவளோடு ஒரே வீட்டில் இருந்தபோது பழைய சிலேட்டே வெளியே வந்தது. இங்கே வந்த பிறகும் அப்படியே. புது விலாசத்தை எழுதிப் போட்டது நான். அப்புறம் அவள் முறை. ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. அவள் முறை, அவள் முறை என்று விரலை மடக்கிக்கொண்டு கோபத்தோடு இருந்தேன். சிலேட்டு என் மடியிலேயே கிடந்திருக்கிறது.

மறுபடி இருட்டு. பரவாயில்லை, கொஞ்சம் இருக்கட்டும், பொத்தானுக்குள் ஒரு சின்ன ஆரஞ்சுப் புள்ளி மட்டும் தெரிகிறது. ஆறு விரல் காட்டினேன். வடிவைக் கொண்டுபோய் விட்ட இல்லத்து வாசலில், தையல் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவளிடம், ஆறு மாதம் என்று ஆறு விரல். பதினான்கு மாதம் ஆகிவிட்டது. பதினான்கைக் காட்ட என் கையில் விரல் போதாது. குழந்தை குறைமாதத்தில் பிறந்தது, விசாவை நீட்டினார்கள், மறுபடி நீட்டினார்கள், எல்லாவற்றையும் எழுதினேன். அவள் ஒரு தடவைகூட எப்போது வருவாய் என்று கேட்டு எழுதவில்லை. அங்கே என்ன சத்தம் கேட்கிறது, எழுது என்றுதான் எழுதுவாள். சின்ன வயதிலிருந்தே அப்படி, மழை பெய்தால் சிலேட்டை நீட்டுவாள், இன்றைக்கு என்ன மாதிரிச் சத்தம்? நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தொன்பது வருடம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊர்ச் சத்தமெல்லாம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் அவள் கேள்விக்குத்தான் பதில் தெரியாது. காலிப் பாட்டில் போடும் இரும்புப் பெட்டிகளைப் பற்றி இங்கிருந்து எழுதினேன். பச்சைக்கு ஒன்று, பழுப்புக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று, ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு மாதிரி உடைகிறது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடக் கூடாது, உடைகிற சத்தத்துக்கும் இந்த ஊரில் வார விடுமுறை உண்டு என்று. 'ஞாயிற்றுக்கிழமையில் அந்த ஊர் எனக்குச் சரியாக இருக்கும்' என்று பதில் எழுதினாள். ரோடு கடக்கும் இடத்தில் கண் தெரியாதவர்களுக்காக ஒரு கம்பம் டிக் டிக் என்று தட்டிக்கொண்டே இருக்கிறது என்று எழுதினேன். 'கண் தெரியாதவர்களுக்குச் சரி, காது கேட்காதவர்களுக்கு என்ன வைத்திருக்கிறார்கள், பார்த்து எழுது' என்றாள். பார்த்தேன். புரட்டாசி மாதம், குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போது, காதுக்கு மாட்டும் கருவி விற்கிற கடைக் கண்ணாடிக்குப் பின்னால். வாசல் மணியை அழுத்தினால் உள்ளே ஒரு விளக்கு மினுக்குகிறது. அவ்வளவுதான். கைக்குள் அடங்குகிற வெள்ளை டப்பா. நான் அங்கேயே நின்றுவிட்டேன். கதவைத் தட்டினால் கேட்காது, தனியாக எப்படி விடுவது, கேஸ்காரன் வந்தால், தீப்பிடித்தால், திருடன் வந்தால் என்று சொல்லிச் சொல்லித்தானே வீட்டைப் பூட்டி அவளைக் கொண்டுபோய் இல்லத்தில் விட்டேன். இந்த டப்பா இருந்தால் அவள் தன் வீட்டில், தன் தையல் மிஷின் முன்னால் இருந்திருப்பாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து முதல் தடவையாக முறை மீறி எழுதினேன். 'வடிவு, நீ கேட்டதைக் கண்டுபிடித்துவிட்டேன். வாங்கிக்கொண்டு பொங்கலுக்கு முன்னால் வருகிறேன். நாம் வீட்டுக்குப் போய்விடலாம்.' அதற்கும் பதில் இல்லை. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. கோபத்துக்குள் பயம் இத்தனை நாள் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது, கதவுக்குப் பின்னால் பதினோரு வயதுப் பெண் மாதிரி.

அரிசி கொண்டுவந்து போடுகிற சிவபாதம் வந்தது போன வியாழக்கிழமை. யாழ்ப்பாணத்துக்காரர், பன்னிரண்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிறார். மூட்டையை இதே படியில் இறக்கிவைத்து மூச்சு வாங்கிக்கொண்டே பெட்டிகளைப் பார்த்தார். "என்னம்மா, உங்கட பேர் பெட்டியில இல்லையே?" "மருமகன் பேர் இருக்கே தம்பி." "அது அவருக்கு. உங்களுக்கு வாற கடிதம்?" "விலாசம் சரியாத்தான் எழுதியிருக்கேன். தெரு, நம்பர், எல்லாம்." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், கெட்ட சேதி சொல்லப் பழகியவர் பார்வை. "இஞ்ச விலாசம் மட்டும் காணாதம்மா. பெட்டியில பேர் இல்லாட்டில் அப்படி ஒரு ஆள் இல்லை எண்டு மஞ்சள் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பிப் போடுவினம். அகதிக் கேம்பில இருக்கேக்க அம்மா போட்ட நாலு கடிதம் அப்படித்தான் போச்சு. மனுசி நான் செத்துப் போனன் எண்டு நினைச்சு அழுதுகொண்டு இருந்தது." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அன்றைக்குச் சாயங்காலம் கோமதி இல்லத்துக்குப் போன் போட்டாள். மணி போகிறது என்று ரிசீவரை என்னிடம் நீட்டினாள். காதில் வைத்ததுமே தெரிந்துவிட்டது, அது பொய் மணி. கம்பி எங்கோ அறுந்து கிடக்கும்போது நம்மைச் சமாதானப்படுத்த எக்ஸ்சேஞ்சு தானாக அடித்துக்காட்டுகிற மணி. கார்த்திகை மழை. அந்த மணி அங்கே யார் காதிலும் விழவில்லை. மறுநாள் என் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, வீட்டில் பசை இல்லாததால் நாலு சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டினேன். சாயங்காலம் பார்த்தால் காகிதம் இல்லை, பருக்கையின் தடம் மட்டும். மறுபடி ஒட்டினேன். மறுபடி இல்லை. தகடுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம், அது இந்த வீட்டின் சட்டமாம். வருகிற கடிதங்கள் எல்லாம் இந்த நிமிடம்கூட ஏதோ ஒரு பைக்குள் என்னை நோக்கி வந்துகொண்டிருக்கலாம், பெயர் இருக்கிற நாளில் வந்தால் நான் இருக்கிறேன், கிழித்த நாளில் வந்தால் இல்லை.

சாவிக்கொத்துச் சத்தம். இது யார் என்று பார்க்க விளக்கு வேண்டாம். வீட்டைப் பராமரிக்கிறவர், நீலச் சட்டை, இடுப்பில் இருபது சாவி. விளக்கைப் போட்டார். என்னைப் பார்த்தார், துடைப்பத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார், பெருக்குகிறவர்களிடம் அவருக்கு மரியாதை உண்டு. பிறகு பெட்டியைப் பார்த்தார். "நைன், நைன், நைன்" என்று, கூடாது என்பதை மூன்று தடவை வருத்தமாகச் சொல்லிக்கொண்டே போய், கட்டைவிரல் நகத்தைக் காகிதத்தின் ஓரத்தில் கொடுத்தார், தூக்கிக்கொண்டிருந்த அதே ஓரத்தில். நான் எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. துடைப்பம் விழுந்த சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். என் கை என் பெயர்மேல் இருந்தது. "தொடாதீங்க" என்றேன். "என் தங்கச்சிக்குக் காது கேக்காது. அவ எழுதுவா. அவளுக்கு என்னைக் கூப்பிட வேற வழி இல்ல." தமிழில்தான் சொன்னேன், வேறு எதில் சொல்ல. அவர் கைக்கும் என் கைக்கும் நடுவில் ஒரு விரற்கடை. அவர் என்னவோ நீளமாகச் சொன்னார், சட்டம் என்கிற சொல் மட்டும் எனக்கு விளங்கியது, பிறகு பேச்சை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். எதைப் பார்த்தாரோ. நகத்தை எடுத்துக்கொண்டார். குனிந்து துடைப்பத்தை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, சாவிகள் குலுங்க நிலவறைப் படியில் இறங்கிப் போனார். நான் கையை எடுக்கவில்லை. விளக்கு அணைந்தது, இருட்டில் என் பெயரைப் பொத்திக்கொண்டு நின்றேன். பருக்கையின் சொரசொரப்பு உள்ளங்கையில் இருக்கிறது. முறையாவது மண்ணாவது, இன்றைக்கே மூன்று கடிதம் எழுத வேண்டும், நாளைக்கு மூன்று, அவள் பதிலே எழுதாவிட்டாலும். ஏழு தடவை கூப்பிட்டாளே. எட்டாவது தடவைக்கு முன்னால் வெளியே வந்துவிட வேண்டும்.

வாசல் கதவு திறந்தது, குளிர் உள்ளே வந்தது, அதன் பின்னால் தபால்காரி. விளக்கு. "ஃப்ராவ் ஆதிமூலம்" என்று சிரித்தாள். பைக்குள் கைவிட்டு ஒவ்வொரு பெட்டியாகப் போட ஆரம்பித்தாள், தகர மூடிகள் டப் டப் என்று விழுந்தன, பிறகு ஒரு பழுப்பு உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். யானை ஸ்டாம்பு. பெயர்களின் மேல் விரல் ஓடிற்று, முதல் வரிசை, இரண்டாவது வரிசை. நான் கையை எடுத்தேன். அவள் விரல் காகிதத்தின்மேல் நின்றது. எழுத்துக் கூட்டி, "ஆ... வு... டை..." என்றாள். நான் நெஞ்சைத் தொட்டுக்காட்டினேன். பெட்டியில் போடாமல் கையில் கொடுத்தாள். அவள் கதவைச் சாத்திக்கொண்டு போகும்வரை காத்திருந்தேன். உறைமேல் வடிவின் கையெழுத்து இல்லை. உள்ளே புரட்டாசியில் நான் எழுதிய கடிதம், பிரிக்காமல். அதோடு இல்லத்து வார்டன் ரோஸ்லின் டீச்சர் எழுதிய ஒரு தாள். வணக்கம் அம்மா, தாங்கள் இருக்கிறீர்கள் என்பதே அக்டோபர் பதினான்காம் தேதி இந்தக் கடிதம் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. தங்கை தங்களுக்கு எழுதிய மூன்று கடிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. மூன்று. முறை பார்க்காமல், பதிலுக்குக் காத்திராமல், மூன்று. மஞ்சள் சீட்டில் இருந்ததை இங்கே யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. மூன்றாவது திரும்பிய அன்றைக்கு அவர் தலைக்குக் குளித்தார், சிலேட்டில் அக்கா போய்விட்டாள் என்று எழுதிக் காட்டினார், நாங்கள் எவ்வளவோ எழுதிக் காட்டியும் கேட்கவில்லை. பதினாறாம் நாள் தன் கையால் பாயசம் காய்ச்சி எங்கள் எழுபது பேருக்கும் ஊற்றினார். விளக்கு அணைந்தது. தாளைப் பிடித்துக்கொண்டு சுவரைத் தடவினேன், ஆரஞ்சுப் புள்ளி எங்கே போயிற்று, தகரப் பெட்டிகள், பெட்டிகள், சில்லென்ற பித்தளைப் பெயர்கள், பிறகு பொத்தான். இன்னும் நாலு வரி இருந்தது. சங்கரவடிவு, என் தங்கை, பாயசம் ஊற்றிய மறுநாள், அக்டோபர் ஏழாம் தேதி காலை ஆறரை மணிக்குத் தையல் பெட்டியையும் திரும்பி வந்த மூன்று கடிதங்களையும் எடுத்துக்கொண்டு இல்லத்தின் கேட்டைத் தாண்டிப் போனாள். பூட்டிக் கிடக்கிற எங்கள் வீட்டுக்கு அவள் போகவில்லை. பேருந்து நிலையத்தில் பூ விற்கிற பெண் ஒருத்தி அவளைப் பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.